மாப்பிள்ளை முன்னால் போன காடு

புது மாப்பிள்ளை சொல்வதை மாமனார் வீட்டில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஓர் ஆணின் வாழ்க்கையில் இதைவிட ஆபத்தான காலம் வேறு கிடையாது என்பது என் அனுபவம். அந்தக் காலத்தில் அவன் சொல்லும் அபத்தங்களைத் தடுத்து நிறுத்த ஊரில் ஒரு ஆளும் இருக்க மாட்டார்.

அப்போது நான் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். நிருபர்கள் எழுதிக் கொண்டுவருவதை வெட்டிச் சுருக்கித் தலைப்புப் போடுவது வேலை. வெளியே போய்ச் செய்தி சேகரித்தவன் அல்ல நான். வெளியே போனவர்கள் செய்த தவறுகளை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து திருத்தியவன். (இந்த வேலையைக் கொஞ்ச காலம் பார்த்தால் உலகமே நம் திருத்தத்துக்காகக் காத்திருப்பதுபோல் ஒரு பிரமை வரும். எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது.)

மனைவியின் ஊர் போடிநாயக்கனூர். மாமனாருக்கு மலைமேல், கேரள எல்லையைத் தாண்டியவுடன், ஏலத்தோட்டம். தோட்டத்தின் மேல்பக்க வேலிக்கு அப்பால் பாதுகாக்கப்பட்ட பூங்கா. அதற்குள் யாரும் நடாமல் தானாக வளர்ந்து, யாரும் வெட்டாததால் இன்னமும் நிற்கிற பழங்காடு.

அந்த வீட்டில் எனக்கு இருந்த செல்வாக்கை இரண்டு உதாரணங்களில் சொல்லிவிடலாம். காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றேன். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை. கூடத்துக் கடிகாரம் சத்தம் போடுகிறதே என்றேன். சாயங்காலம் கடிகாரம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. இப்படியே போனால் எவனுக்கும் தன் வாக்கில் ஏதோ இருக்கிறது என்று தோன்றத்தான் செய்யும்.

இந்த நிலையில்தான் மலர்விழியின் விஷயம் என்னிடம் வந்தது.

மலர்விழி என் மனைவியின் தங்கை. தாவரவியல் படித்து முடித்திருந்தாள். அந்தப் பழங்காட்டில் நடக்கவிருந்த ஒரு நெடுநாள் ஆய்வுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காட்டுக்குள் முகாமில் தங்கி, பெரிய மரங்களின் அடியில் என்னென்ன முளைக்கிறது, அதில் எது பிழைக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் வேலை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமனார் சம்மதிக்கவில்லை.

"கல்யாணம் பண்ணிக் குடுக்குற வயசுல காட்டுக்குள்ள போயி செடி பாக்கப் போறேங்குறா. அங்க ஆன கெடக்கு மாப்ளே. கீழ தேவாரம் ஊருக்கே எறங்கி வந்து வெளச்சல அழிக்குது. அது வீட்டுக்கே போறேங்குறா இவ."

"அது வீடு நல்லா இருந்தா அது ஏம்ப்பா கீழ வருது" என்றாள் மலர்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். பதில் இல்லாதபோது அவர் அப்படித் திரும்புவது அந்த மாதங்களில் வழக்கமாகியிருந்தது. "மாப்ள பேப்பர்ல இருக்கறவரு. நாலையும் பாக்கறவரு. ஞாயித்துக்கெழம அவரு போயி அந்தக் காட்ட ஒரு பார்வ பாத்துட்டு வரட்டும். அவரு சரின்னா சரி. வேணாம்னா வேணாம்."

மலர் என்னைப் பார்த்தாள். தீர்ப்பு சொல்லப்போகிற நீதிபதிக்கு வழக்கே புரியவில்லை என்று தெரிந்துகொண்டவளின் பார்வை. நான் தலையை அசைத்து, "பார்க்கிறேன்" என்றேன். அந்த ஒரு சொல்லை நான் சொன்ன கனத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலர் சமையலறைப் பக்கமாக வந்து தணிந்த குரலில் சொன்னாள். "மச்சான், அங்க அட்டை இருக்கும். பேண்ட்டு போட்டுக்கங்க."

என்னிடம் பேண்ட் இருந்தது. ஆனால் கட்டிலில் அத்தை சலவை மடிப்போடு நாலு விரல் கரை போட்ட வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் எடுத்து வைத்திருந்தார். போகிற வழியில் ஜீப் ஏலக்காய்க் கடைத் தெருவில் நிற்கும். மாமனாரின் சிநேகிதர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். தவிர, எனக்கு வேட்டி எடுப்பாக இருப்பதாக என் மனைவி ஒருமுறை சொல்லியிருந்தாள். (ஒரே ஒருமுறைதான். வீட்டில் விருந்தாளிகள் இருந்தபோது.) வேட்டியோடு ஜீப்பில் ஏறினேன்.

போடிமெட்டு வளைவுகளில் ஏறி மாமனார் தோட்டத்தில் இறங்கிக்கொண்டார். காய் உலர்த்தும் ஸ்டோரில் அவருக்குச் சோலி இருந்தது. அத்தையும் என் மனைவியும் மத்தியானச் சாப்பாட்டோடு பின்னால் வருவதாக ஏற்பாடு. பூங்காவின் வாசல் மலையின் மறுபுறம் என்பதால் நானும் மலரும் மாமனாரின் தம்பியும் ஜீப்பில் சுற்றிக்கொண்டு போனோம். சின்ன மாமனார் கனத்த உடம்புக்காரர். என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதற்கென்றே அனுப்பப்பட்டவர்.

வாசலில் வனக் காவலர் ஒருவர் எங்களோடு வருவதற்காக நின்றிருந்தார். ஆளுக்கு ஒரு ஜோடி காடாத் துணிக் காலுறை கொடுத்தார். முழங்கால்வரை இழுத்துக் கட்டினால் அட்டை ஏறாது. இடுப்பில் நாலு விரல் கரை, காலில் சாக்குப் பை என்கிற கோலத்தைக் கற்பனை செய்து பார்த்தேன்.

"இது வேட்டிக்குச் சரியாக வருமா?" என்றேன்.

நான் கேட்டது கேள்விதான். ஆனால் சின்ன மாமனார் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். "மாப்ளைக்கு அதெல்லாம் வேணாம்ப்பா" என்று காவலரிடம் என் ஜோடியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, மாப்பிள்ளை போடாததைத் தான் போடுவது மரியாதை இல்லை என்று தோன்றியதோ என்னவோ, பாதி கட்டிய தன்னுடையதையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். மலர் குனிந்து தன் காலுறையை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

கிளம்பும்போது காவலர் முன்னால் போய் நின்றார். சின்ன மாமனார் அவர் தோளைத் தொட்டு ஒதுக்கினார்.

"மாப்ள முன்னால போகட்டும்."

"சாரே, மும்பில நான் போகணும். அதுதான் ரூலு."

"ரூலு சரிப்பா. இவரு புது மாப்ள."

காவலர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வேட்டியைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "ஓ, புது மாப்ளயோ" என்று ஒதுங்கி வழிவிட்டார். அரசு விதி ஒன்று இவ்வளவு சுலபமாகத் தோற்றதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. இப்படியாக, அந்தக் காட்டை வாழ்நாளில் பார்த்திராத ஒருவன் பின்னால், அதிலேயே வேலை செய்கிறவர் நடந்து வந்தார்.

முதலில் கொஞ்ச தூரம் யூகலிப்டஸ் தோப்பு. பூங்காவின் ஓரமாக, எப்போதோ நட்டது. எல்லா மரமும் ஒரே உயரம், ஒரே இடைவெளி, அடியில் ஒரு புல் பூண்டு இல்லை. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அச்சுக்குத் தயாரான பக்கம் மாதிரி இருந்தது. அதைத் தாண்டியதும் பழங்காடு. வெளிச்சம் சட்டென்று குறைந்தது. ஒரு மரமும் நேராக இல்லை. மரத்தின் மேல் கொடி, கொடியின் மேல் பாசி, பாசியில் வேறேதோ முளைத்துத் தொங்கியது. வழியெங்கும் விழுந்த மரங்கள், கிடந்த இடத்திலேயே உளுத்துக் கிடந்தன. உதவி ஆசிரியனின் கண்ணுக்கு அது ஒரு காடாகவே தெரியவில்லை. கண்டிப்பாகப் பாதிக்குப் பாதி வெட்டியிருக்க வேண்டிய பிரதியாகத் தெரிந்தது.

"பராமரிப்பே இல்லையே" என்றேன். "விழுந்த மரத்தையாவது அப்புறப்படுத்தலாம்."

"ஆமா மாப்ளே, எடுத்துரலாம்" என்றார் சின்ன மாமனார், அது தன் அதிகாரத்தில் இருப்பதைப்போல.

மலருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கிடந்த மரம் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் முதுகில் வரிசையாக நின்ற சிறு கன்றுகளைக் காட்டினாள். "மச்சான், இந்தக் கன்னெல்லாம் தரையில மொளச்சா பிழைக்காது. இது மேலதான் பிழைக்கும். விழுந்த மரத்த எடுத்துட்டா அடுத்த காடு எங்க இருந்து வரும்? இது குப்ப இல்ல. இன்னும் வேல பாத்துக்கிட்டிருக்கு."

நல்ல பதில். ஒரு நிருபர் எழுதிக் கொடுத்திருந்தால் அதையே தலைப்பாக்கியிருப்பேன். ஆனால் மாப்பிள்ளையாக இருந்தேன். விவாதத்தை முடித்துவைக்கும் பாவனையில், அதைவிடப் பெரிய இன்னொரு மரத்தின் மேல் போய் உட்கார்ந்தேன்.

அது வெளியே மட்டும்தான் மரம். உள்ளே ஈரமான மாவு. சத்தமே இல்லாமல் என்னை இடுப்புவரை உள்ளே வாங்கிக்கொண்டது. தொட்டியில் நட்டு வைத்ததுபோல நான் அதிலிருந்து சின்ன மாமனாரைப் பார்த்தேன். மாப்பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்கலாமா, அது மரியாதைக் குறைவா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. மலரும் காவலரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார்கள்.

வேட்டியைத் தட்டிவிடக் குனிந்தபோதுதான் பார்த்தேன். கெண்டைக்காலில் கம்பம் பன்னீர் திராட்சை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினேன். கொத்தாக இருந்தது.

அட்டை கடிப்பது தெரியாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றும் ஆகாது. கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் ஒழுகும், அவ்வளவுதான். இது இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் இனி அங்கே நிற்கப்போவதில்லை என்பதுதான். ஓடினேன். முன்னால் போய்க்கொண்டிருந்தவன் ஆகையால் முன்னாலேயே ஓடினேன். பாதை இடதுபக்கம் திரும்பியிருக்கிறது. நான் திரும்பவில்லை. சரிவில் பன்றிகள் போட்ட தடம் ஒன்று இறங்கியது. அதில் இறங்கினேன்.

"மாப்ள வெரசா போறாரு, வாங்கப்பா" என்று சின்ன மாமனாரின் குரல் மேலே கேட்டது. நான் ஏதோ தீர்மானத்தோடு போகிறேன் என்று அந்த நிமிடம்வரை அவர் நம்பியிருக்கிறார். பிறகு அவர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அவரைத் தனியே விட்டுவிட்டுக் காவலரால் வர முடியவில்லை. எனக்குப் பின்னால் ஓடி வந்தவள் மலர் ஒருத்திதான்.

நான் நின்றது சரிவின் அடியில், சேறும் நாணலுமாக இருந்த ஒரு பள்ளத்தில். நின்றேன் என்பதைவிடச் சேறு நிறுத்தியது என்பதே சரி. கண்ணுக்கு எதிரே ஆனை லத்தி கிடந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. செல்போனை எடுத்துப் பார்த்தால் சிக்னல் இல்லை.

மலர் வந்து சேர்ந்தாள். எனக்குப் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"இது மனிதர்கள் வருகிற இடமா? உங்கப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன்."

அவள் முகம் வாடியது. ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாம். சேற்றில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நான் ஊர் போய்ச் சேராவிட்டால் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. அவள் லத்தியைப் பார்த்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள்.

"சரி மச்சான். சொல்லுங்க. ஆனா இப்பப் பேசாதீங்க. மேல ஏற வேணாம், தடம் அங்கிட்டுப் போகுது, ஆன மேலதான் நிக்குது. தண்ணிக்குள்ள எறங்குங்க."

சேற்றிலிருந்து கசிந்த நீர் சற்றுத் தள்ளி ஓடையாகியிருந்தது. அதில் இறங்கி நடந்தோம். இப்போது அவள் முன்னால், நான் பின்னால். கால் வைக்க வேண்டிய கல்லை மட்டும் கையால் காட்டினாள். பின்னால் கிளை முறிகிற சத்தம் ஒருமுறை கேட்டது. நான் அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். (இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. அவள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.)

வெகுதூரம் வந்த பிறகுதான் அவள் பேசினாள். மழை பெய்து நாளாகியிருந்தது; ஆனாலும் ஓடையில் முழங்கால் தண்ணீர். எங்கிருந்து வருகிறது என்று நான்தான் கேட்டேன், பயத்தை மறக்க.

"எல்லாம் மேல பாத்தீங்களே, அந்தப் பாசி, உளுத்த மரம், சருகு. மழத் தண்ணியக் குடிச்சு வச்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விடும். யூகலிப்டசு தோப்புல ஒரு ஓட பாத்தீங்களா? இருக்காது. கோடையில அந்தப் பக்கத் தோட்டக்காரவுக லாரியில தண்ணி வாங்குறாக. நம்ம தோட்டத்துல வாங்குனதில்ல." அடுத்த கல்லைக் காட்டிவிட்டு, "இத எழுதி வைக்கணும்னுதான் மச்சான் நான் போறேன்னு சொல்றேன். காடு போனதுக்கு அப்புறம் அது என்ன செஞ்சுச்சுன்னு எழுதி என்ன பிரயோசனம்" என்றாள்.

 என்னிடமிருந்து அவள் பதிலை எதிர்பார்க்கவில்லை. நான் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

ஓடை ஒரு வேலிக்கு அடியில் நுழைந்தது. வேலிக்கு அந்தப்புறம் ஏலச்செடி. மாமனாரின் தோட்டம்.

என் தோற்றத்தைப் பற்றி இங்கே பத்திரிகைக்காரனுக்குரிய நிதானத்தோடு சொல்ல வேண்டும். வேட்டி வெள்ளையாக இருந்தது இடுப்புக்கு அருகில் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை ஒழுகிய ரத்தம், ஓடைத் தண்ணீரில் நனைந்து பரவியிருந்தது. தலையில் பாசி. ஒரு காலில் செருப்பு இல்லை. அத்தை சாப்பாட்டுக் கேரியரைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தாடி, என் மக வாழ்க்க போச்சே." மாமனார் ஸ்டோரிலிருந்து ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"யாரு மாப்ளே? ஆனையா, பன்னியா?"

"அட்டை" என்றேன்.

மாமனார் என் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஒரு சத்தம் கேட்டது. என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அடைத்தும் பயனில்லை.

என்னை ஸ்டூலில் உட்கார வைத்துக் கடிவாய்களில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. சின்ன மாமனார் இறங்கி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அண்ணன் காலடியில் உட்கார்ந்து அழுதார். "அண்ணே, மாப்ளயத் தொலச்சுட்டேண்ணே. காடு முழுக்கக் கத்திப் பாத்துட்டோம்ணே."

"இந்தா ஒக்காந்திருக்காருடா."

அவர் என்னைப் பார்த்தார். நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது. "மாப்ள முன்னாலயே வந்துட்டாரா" என்றார். அவருடைய மரியாதை எந்தச் சேதமும் இல்லாமல் பிழைத்திருந்தது.

மாமனார் சுண்ணாம்பு டப்பியை மூடினார். மலர் சற்றுத் தள்ளி நின்று காலுறையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுநாள் திங்கட்கிழமை என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது.

நான் தொண்டையைச் செருமினேன். என்ன சொல்லப்போனேன் என்று எனக்கே தெரியாது. சேற்றில் சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டேன் என்பது மட்டும் தெரியும். "மாமா, காட்டைப் பொறுத்தவரை..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க செத்த சும்மா இருங்க மாப்ளே" என்றார் மாமனார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் என் பேச்சு பாதியில் நிறுத்தப்பட்டது அதுதான் முதல்முறை. சின்ன மாமனார் திடுக்கிட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

"ஏத்தா, இவர எங்க புடிச்ச?"

"சேத்துப் பள்ளத்துலப்பா."

"பக்கத்துல ஆன நின்னுச்சா?"

"மேல நின்னுச்சு. அதான் மேல ஏறல. ஓடையில எறங்குனா நம்ம தோட்டத்துக்குத்தான வரணும்."

"இவரு என்ன செஞ்சாரு?"

மலர் என் பக்கம் பார்த்தாள். அவள் சொல்வதற்கு நிறைய இருந்தது. "பின்னால வந்தாருப்பா" என்றாள்.

மாமனார் மேல்வேலிக்கு அப்பால் இருந்த காட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, போயிட்டு வா. இந்த மனுசனையே உசுரோட கொண்டாந்து சேத்துட்ட. ஒன்ன நீ பாத்துக்க மாட்டியா."

அப்படித்தான் மலருக்கு அனுமதி கிடைத்தது. என் தீர்ப்பு கடைசிவரை கேட்கப்படவே இல்லை. அதன்பிறகு எந்த விஷயத்திலும் கேட்கப்பட்டதாக நினைவும் இல்லை. மலர் இன்று அதே பூங்காவில் ஓர் ஆய்வுக் குழுவையே நடத்துகிறாள். அந்தக் காட்டின் ஓடைகளைப் பற்றி அவள் எழுதியது எங்கள் பத்திரிகைக்கு வந்தபோது, திருத்த என்னிடம்தான் கொடுத்தார்கள். நான் ஒரு வரியையும் வெட்டவில்லை.

வீட்டில் மட்டும் அந்த நாள் ஓர் அளவுகோலாக நிலைத்துவிட்டது. யாராவது வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன் என்றாலும், தனியாக ஜீப் ஓட்டுகிறேன் என்றாலும், மாமனார் ஒரே கேள்விதான் கேட்பார்: "மாப்ளயக் காட்டுல விட்டா, கொண்டாந்து சேப்பியா?" பந்தியில், ஊர்க்காரர்கள் முன்னிலையில், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே கேட்பார். எல்லோரும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்து, கனம் எவ்வளவு இருக்கும் என்று யோசிப்பார்கள்.

போன விடுமுறையில் என் மகள், பள்ளியிலிருந்து மலைக்கு முகாம் போக வேண்டும் என்று நின்றாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் அதைக் காதில் வாங்காமல் தாத்தாவிடம் போனாள். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

 அவள் என்னை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அப்பா அன்னைக்கு ஓடுன மாதிரி இப்பவும் ஓடுவாரா தாத்தா, இல்ல வயசாயிருச்சா?"

"இப்ப ஓட முடியாதுத்தா. முட்டி வலி."

"அப்பக் கொண்டாந்துருவேன்" என்றாள்.

முகாமுக்குப் போய்விட்டு வந்தாள்.